அறுவடைக்குக் காத்திருக்காத விழா

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் லேசில் திறக்காது. டெல்டாவில் கொள்முதலாகும் நெல்லை வெளிமாவட்ட அரவை ஆலைகளுக்குக் கொண்டுபோகும் சரக்கு ரயில்கள் இந்த ஸ்டேஷனில் மூட்டை ஏற்றுகின்றன. வேகன்களை முன்னும் பின்னும் இழுத்து முடிக்கும்வரை தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் பேருந்தும் லாரியும் வரிசைகட்டி நிற்கும். நிற்கிறவர்களுக்குப் படிக்க இந்தப் பக்கத்துக் கடைத்தெருக்களில் ஃப்ளெக்ஸ்களுக்குப் பஞ்சமே இல்லை. கட்சிக்காரர்களின் வாழ்த்துகளுக்கும் கண்ணீர் அஞ்சலிகளுக்கும் நடுவே சில ஆண்டுகளாக மூன்றாவது ரகம் ஒன்று இடம்பிடித்திருக்கிறது: முதலாம் ஆண்டு பிறந்தநாள் விழா. தலையில் மயிற்பீலி, கையில் புல்லாங்குழல் வைத்த கண்ணன் வேடம், இல்லையென்றால் கிரீடமும் ராஜா உடுப்பும். குழந்தைக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் ஒட்டிய அரண்மனை. மேலே ‘எங்கள் வீட்டு இளவரசி’ என்று ஒரு வரி. கீழே தாத்தா, அப்பாயி, அம்மாச்சி, தாய்மாமன்கள், அத்தைமார், சித்தப்பாக்கள் எல்லோருக்கும் வட்டத்துக்குள் ஒரு முகம். கடைசியில் மண்டபத்தின் பெயரும் மாலை ஆறு மணியும்.

ஃப்ளெக்ஸுக்கு ஆகிற செலவு ஒன்றுமில்லை. அது அறிவிக்கிற விழாவின் செலவைத்தான் கணக்குப் போட வேண்டும். இருநூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். இலைக்கு இருநூறு ரூபாய்க்குச் சமையல்காரர் ஒப்புக்கொண்டால் (மட்டன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார், சிக்கன் பிரியாணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்) நாற்பதாயிரம். சிறிய மண்டபம் ஒரு மாலைக்கு இருபதாயிரம். பலூன் வளைவு, மேடைத் திரை, வாசல் டெக்கரேஷன் பதினைந்தாயிரம். போட்டோ, வீடியோ, ஆல்பம் இருபதாயிரம். அடுக்கு கேக் மூவாயிரம். குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு பத்தாயிரம். வருகிற பிள்ளைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் ஐயாயிரம். அழைப்பிதழ், மைக் செட், வண்டி வாடகை என்று சில்லறையாக ஏழாயிரம். கூட்டினால் ஒரு லட்சத்து இருபதாயிரம். செண்டை மேளமோ பூ தூவும் டிரோனோ இதில் கிடையாது. தாய்மாமன் போடுகிற நகையும் சேரவில்லை. சவரன் லட்ச ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் அரை சவரன் மோதிரம் தனியாக ஐம்பதாயிரத்துக்கு மேல் கேட்கும்.

இந்த ஊரில் பணத்தை அளக்க நெல்லைவிடப் பொருத்தமான படி கிடையாது. 2025-26 பருவத்தில் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரக நெல்லுக்குக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஏக்கருக்கு 22 குவிண்டால் கண்டால் ஐம்பத்தாறாயிரம் வரும். இரண்டு ஏக்கர் சம்பாவை அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் மேலே சொன்ன விழாவுக்கு எட்டாயிரம் துண்டு விழுகிறது. உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் வாடகை எதையும் இதில் கழிக்கவில்லை. நிலமில்லாதவருக்கு வேறு கணக்கு. அதே ஆண்டில் ஊரக வேலைத் திட்டத்தின் நாள்கூலி 336 ரூபாய். விழாவின் செலவு 357 நாள் கூலி. நூறு நாள் வேலை முழுதாகக் கிடைத்தாலும் மூன்றரை ஆண்டு.

இந்த எண்களைப் பார்த்ததும் ‘ஆடம்பரம்’ என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லி ஒதுக்கிவிட முடியாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. காவிரிப் பாசனப் பகுதியில் வீட்டு விசேஷம் எதுவும் எந்தக் காலத்திலும் மலிவாக நடந்ததில்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி எல்லாமே குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தை அசைத்துப் பார்த்தவைதான். ஆனாலும் அந்த விசேஷங்களுக்கு இரண்டு கடிவாளங்கள் இருந்தன. ஒன்று, கருமாதியைத் தவிர மற்றவை அறுவடைக்குக் காத்திருந்தன. இரண்டு, செலவில் ஒரு பங்கு மொய்யாகத் திரும்பி வந்தது. புதிய பிறந்தநாள் விழாவுக்கு இரண்டுமே இல்லை. அது காத்திருக்காது, திருப்பித் தராது, போதாக்குறைக்கு அடுத்த ஆண்டு மறுபடியும் வரும். தொகையைவிட இந்த அமைப்புதான் குடும்பங்களைக் கடனில் இழுத்துவிடுகிறது என்பது என் வாதம்.

முதல் கடிவாளத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். வெண்ணாறு நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. இந்த மூன்றின் வாய்க்கால்களில் தண்ணீர் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தே இங்கே கையில் காசு புரளும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, அதன் பணம் புரட்டாசி ஐப்பசியில். சம்பாவும் தாளடியும் தையிலிருந்து பங்குனிக்குள் வீடு சேரும். இடைப்பட்ட மாதங்களில் பணம் வயலுக்குள் போகுமே தவிர வெளியே வராது. 2024-ல் மேட்டூர் ஜூலை கடைசியில்தான் திறந்தது. போர்வெல் இல்லாதவருக்கு அந்த ஆண்டு குறுவை இல்லை. 2025-ல் ஜூன் 12-லேயே திறந்தது, விளைச்சலும் நன்றாக வந்தது. ஆனால் அக்டோபர் மழையில் கொள்முதல் நிலைய வாசல்களில் நெல் நனைந்து முளைவிட்டது. ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டியதால் விவசாயிகள் நாள்கணக்கில் மூட்டையோடு காத்துக் கிடந்தார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று இங்கே சொல்வதில் சோதிடம் எதுவும் கிடையாது. தையில் காசு வரும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் முகூர்த்தம் பார்த்தவர்கள் களத்துமேட்டையும் பார்த்துவிட்டுத்தான் நாள் குறித்தார்கள். விளைச்சல் பொய்த்தால் ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று சொல்ல முடிந்தது. காதுகுத்து மூன்று வயதில் நடந்தாலும் ஐந்து வயதில் நடந்தாலும் யாரும் குறை சொல்லவில்லை.

பிறந்தநாளை அப்படித் தள்ளிப்போட முடியாது. ஆவணியில் பிறந்த குழந்தைக்கு ஒரு வயது ஆவணியில்தான் நிறையும், நாற்றங்காலுக்கு விதைநெல் வாங்கக் கைமாற்றுக் கேட்கிற நேரத்தில். பழைய வழக்கத்தில் ஆண்டு நிறைவும் அந்தந்த மாதத்து ஜென்ம நட்சத்திரத்தில்தான் வந்தது. ஆனால் அன்று நடந்தது கோயிலில் ஓர் அர்ச்சனை, வசதிப்பட்டவர் வீட்டில் ஆயுஷ் ஹோமம், பாயசத்தோடு சாப்பாடு, பக்கத்து வீடுகளுக்குச் சுண்டல். நாள் மாறாதது சின்னதாக நடந்தது. பெரிதாக நடந்ததை நாள் மாற்றிக்கொள்ள முடிந்தது. இன்றைய விழா இரண்டிலிருந்தும் செலவு கூடுகிற பாதியை எடுத்துக்கொண்டது: மாற்ற முடியாத தேதி, காதுகுத்தின் அளவுக்குப் பந்தி.

அடுத்து மொய். மொய் நோட்டை ஒருமுறை பிரித்துப் பார்த்தவருக்கு அதன் ஒழுங்கு தெரியும். பிள்ளையார் சுழி, விசேஷத்தின் பெயர், தேதி, இடம். பிறகு வரிசையாக ஊர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு ஆள் பெயர், தொகை. தாய்மாமன் முதல் வரி. யார் எழுதினாலும் கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும். இருபது ஆண்டு கழித்து மகன் எடுத்துப் பார்க்கப் போகிற ஆவணம் அது. வாங்கியதைத் திருப்பிச் செய்யும்போது மேலே கொஞ்சம் சேர்த்துச் செய்வார்கள், அது புதுக் கணக்காக ஓடும். பத்திரம், ஜாமீன், வட்டி எதுவும் இல்லாத ஒரு சேமிப்புச் சங்கம் இது. தெற்கே பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளில் விசேஷம் என்ற சாக்கே இல்லாமல் இந்தச் சங்கம் தனியாக இயங்குகிறது. பல பேர் கூட்டுச் சேர்ந்து ஒரே பந்தலில் கறிவிருந்து போட்டுச் செலவைப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள், பணம் எண்ணும் மெஷின்கூட வந்துவிட்டது. அதையும் புனிதப்படுத்திவிடக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபின் மொய்யைத் திருப்பிச் செய்ய முடியாமல் தவித்தவர்கள் நிறைய, மொய்யும் கடன்தான். ஆனால் தந்தவர் யார் என்று தெரிந்த கடன், நெருக்கடி புரிந்து பொறுத்துக்கொள்ளக்கூடிய கடன்.

முதல் பிறந்தநாளுக்கு மொய் எழுதுகிற குடும்பங்கள் உண்டுதான். காதுகுத்தோடு சேர்த்து வைத்தால் கட்டாயம் எழுதுவார்கள். தனியாகப் பிறந்தநாள் என்று கூப்பிட்டால் நிலைமை வேறு. வருகிறவர் கையில் பளபளக்கும் காகிதம் சுற்றிய டப்பா இருக்கும். உள்ளே பேட்டரி கார், கரடி பொம்மை, பிளாஸ்டிக் சமையல் செட், ஒரே மாதிரி மூன்று. கொடுத்தவருக்கு முந்நூறு ரூபாய் செலவு, வாங்கியவருக்கு வரவு பூஜ்யம். எந்த நோட்டிலும் ஏறாததால் கொடுத்தவருக்கும் அது திரும்பி வராது. இருநூறு பேர் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சுவது டப்பாக் குவியலும் சமையல்காரருக்குத் தர வேண்டிய பாக்கியும்தான்.

இந்த விழா எங்கிருந்து முளைத்தது என்பதற்கு சினிமாவையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் கைகாட்டுவது சுலபம். அவை காரணங்கள்தான், மேலோட்டமானவை. அடியில் இருப்பவை நல்ல செய்திகள். அரை நூற்றாண்டுக்கு முன் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் முதல் வயதைக் காணாமல் போயின. 2020-ல் அந்த எண் 13. அதே 2020-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.4. ஐந்தாறு பிள்ளைகளுக்குப் பரவிய ஆசையும் காசும் ஒன்றிரண்டு பேர்மீது குவிகின்றன. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. அங்கே ஒரு பெண் குழந்தையின் பிறந்தநாளுக்காகச் சாலையோரம் பன்னிரண்டு அடிக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள் என்றால், அந்த ஃப்ளெக்ஸ் சட்டவிரோதமாகவே இருந்தாலும், அதைப் பார்த்துக் கொஞ்சம் சந்தோஷப்படத்தான் வேண்டும். நீடாமங்கலத்தில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் காலத்துச் சந்தானராமர் கோயில் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டி வெளியூர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். தவமிருந்து பெற்ற பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போது சும்மா இரு என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

சிக்கலை உண்டாக்குவது மகிழ்ச்சி கிடையாது. அந்த மகிழ்ச்சிக்குப் பணம் வருகிற வாசல். விவசாயக் குடும்பங்களின் நிலை பற்றி 2018-19 ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வில் நாட்டின் விவசாயக் குடும்பங்களில் பாதி கடனில் இருந்தன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அந்த நிலையில் அறுவடை இல்லாத மாதத்தில் லட்ச ரூபாய் வேண்டுமென்றால் மூன்று வழிகள். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைப்பது. தெரிந்தவரிடம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்குவது. நுண்நிதி நிறுவனங்களில் குழுக் கடன் எடுப்பது. மூன்றாவதுதான் இப்போது சுலபம். விண்ணப்பக் காகிதத்தில் கறவை மாடு, நடப்பில் பிறந்தநாள். 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி என்பதே பயங்கரமான உச்சவரம்பு. தவணைக்காரர்களின் நெருக்கடி தாங்காமல் நடந்த தற்கொலைகளுக்குப் பிறகு, கட்டாய வசூலைத் தண்டிக்க 2025-ல் தமிழக சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மொய்க்குத் தெரிகிற வெள்ளமும் வறட்சியும் வாரத் தவணைக்குத் தெரியாது. குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரும்போது முதலாவதின் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. ‘எங்க காசு, எங்க புள்ள’ என்பது முதல் பதில். காசு உள்ளவர் செலவழிக்கட்டும், அதில் நமக்கென்ன? கூத்தாநல்லூர், மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரத்தில் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைக்கிற தகப்பன்கள் ஏராளம். மகளின் முதல் வருஷத்தில் அவளைக் கையில் தூக்காத ஒருவர், விழாவை வீடியோ காலில் பார்த்துக்கொண்டே அனுப்புகிற பணம் அவருக்குப் பதிலாக அங்கே போய் நிற்கிறது. அந்தச் செலவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த விழாதான் தெருவுக்கு அளவுகோலாகிவிடுகிறது. வெளிநாட்டுச் சம்பளம் மாதாமாதம் வருவது, அதற்குத் தை மாசி கிடையாது. அதைப் பார்த்து அதே அளவில் செய்ய நினைக்கிற பக்கத்து வீட்டுக்காரர் நெல் போட்டிருப்பவர்.

இரண்டாவது எதிர்வாதம் கடினமானது. ஏழைகளின் விசேஷச் செலவைக் கண்டிப்பது மேட்டுக்குடியின் பழைய பொழுதுபோக்கு என்பார்கள். உண்மைதான். வெள்ளைக்கார அதிகாரிகள் இந்திய விவசாயியின் கடனுக்கெல்லாம் கல்யாணச் செலவையே காரணம் காட்டிக்கொண்டிருந்தபோது, 1875 தக்காணக் கலவரத்தை விசாரித்த ஆணையம், விசேஷச் செலவுக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தரப்படுகிறது என்று எழுதியது. சிக்கன உபதேசம் எப்போதுமே மேலிருந்து கீழேதான் பாய்கிறது. நீடாமங்கலத்தில் இதைச் சொல்லும்போது கூடுதல் கவனம் வேண்டும். 1937 டிசம்பர் 28-ல் இதே ஊரில் தென்தஞ்சை மாவட்டக் காங்கிரஸின் அரசியல் மாநாடு நடந்தது. எல்லோருக்கும் சமபந்தி என்று அறிவித்த விருந்தில் தாழ்த்தப்பட்ட தோழர்கள் போய் உட்கார்ந்தார்கள். அதற்காக அவர்களைப் பிடித்து அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்கவைத்தார்கள். ‘விடுதலை’ ஏடு இதை வெளிக்கொண்டுவந்து தொடர்ந்து எழுதியது; ஆ. திருநீலகண்டன் இந்த நிகழ்வைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். பந்தியில் உட்கார்ந்ததற்காக அடிபட்ட மனிதர்களின் கொள்ளுப்பேரன் இன்று தன் மகளுக்கு மண்டபம் பிடித்து, மேடை போட்டு, ஊரையே இலைக்கு அழைக்கிறார் என்றால், அந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் எவ்வளவு ஆடம்பரம், எவ்வளவு வரலாறு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் தகுதியில்லை.

பொருளாதார ஆய்வும் அவர் பக்கமே பேசுகிறது. விஜயேந்திர ராவ் கர்நாடக கிராமங்களில் குயவர் குடும்பங்களை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்ட கட்டுரையில், திருவிழாவுக்கு அதிகம் செலவழித்த குடும்பங்களுக்கு ஊரில் மதிப்பு கூடியதையும் அவர்கள் சாமான் வாங்கிய விலைகூடக் குறைந்ததையும் காட்டினார். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2007-ல் எழுதியபடி, உதய்ப்பூரின் பரம ஏழைக் குடும்பங்களிலும் கிட்டத்தட்ட எல்லாமே கல்யாணம், சாவு, திருவிழா ஏதாவது ஒன்றுக்குச் செலவழித்திருந்தன. விழாக்களுக்குப் போனது ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கு. ஆக, இது அறியாமை என்று யாரும் சொல்ல முடியாது. விசேஷம் வைக்காதவரை ஊர் விசேஷத்துக்கு அழைக்காது, அழைப்பு வராதவருக்கு ஆபத்தில் ஆள் வராது.

இதை முழுதாக ஒப்புக்கொண்டபின் சொல்கிறேன்: இந்த ஆதாரங்கள் பந்தியை நியாயப்படுத்துகின்றன, குழுக் கடனை நியாயப்படுத்தவில்லை. ராவ் பார்த்த திருவிழா ஊர் சேர்ந்து கொண்டாடுவது, எல்லோருடைய பங்கும் எல்லோருக்கும் தெரிவது. மதிப்பு ஈட்டித் தருவது அந்த உறவு. பலூன் வளைவும் ஆல்பமும் ஒரே நிற உடுப்பும் அந்த மதிப்பில் எத்தனை ரூபாய் சேர்க்கின்றன? மேலே போட்ட கணக்கில் சாப்பாட்டுக்குப் போனது மூன்றில் ஒரு பங்குதான். மிச்ச எண்பதாயிரத்தில் பாதிக்கு மேல் உறவுக்காரர் வாயில் விழவில்லை, கேமராவுக்குப் போனது. மரியாதைக்காகச் செய்த விழாவின் தவணையை வசூலிக்க ஆள் வந்து வாசலில் குரலுயர்த்தினால், அந்த மண்டபத்தில் சாப்பிட்டவர்களே எட்டிப் பார்ப்பார்கள். பந்தி தேடித்தந்த மரியாதையைத் தவணை எடுத்துக்கொண்டு போய்விடும்.

உள்ளூர்க்காரர்களுக்குத் தொழில் கிடைக்கிறதே என்பார்கள். சமையல் மாஸ்டருக்கும் பரிமாறும் பையன்களுக்கும் கிடைக்கிறது, சரி. அவர்களுக்குப் போகிற பங்கைக் குறைக்க யாரும் சொல்லவில்லை. வட்டிதான் ஊரைவிட்டு வெளியே போகிறது.

சட்டம் போட்டுத் தடுக்கலாமா? தஜிகிஸ்தான் 2007-ல் அப்படி ஒரு சட்டம் போட்டது. கல்யாணத்துக்கு இத்தனை பேர் என்று வரம்பு, பிறந்தநாளை வீட்டுக்குள் குடும்பத்தோடு மட்டும் கொண்டாட வேண்டும். 2015-ல் ஓர் இளைஞர் நண்பர்களோடு கடையில் உட்கார்ந்து பிறந்தநாள் கொண்டாடியதற்கு அபராதம் கட்டினார். நம் ஊரில் அனுமதியில்லாத பேனருக்கே தடை எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதை எல்லோரும் பார்க்கிறோம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். கொஞ்ச காலம் தெருக்கள் சுத்தமாக இருந்தன. பிறகு கண்ணன் வேடக் குழந்தைகள் திரும்பி வந்துவிட்டார்கள். அரசாங்கம் வீட்டு விசேஷத்தில் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. நிதி ஆலோசகர்களின் உபதேசமும் எடுபடாது. ஐம்பதாயிரத்தைச் செல்வமகள் திட்டத்தில் போட்டால் 2025-26-ல் இருந்த 8.2 சதவீத வட்டியில் இருபது ஆண்டில் ஏறத்தாழ இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும் என்பது சரியான கணக்குதான். ஆனால் அது விழா செய்கிற வேலையைச் செய்யாது. பாஸ்புக்கைப் பார்க்க அத்தை வரமாட்டாள்.

ஆகவே கடிவாளங்களைத் திரும்ப மாட்டுவதுதான் நடக்கக்கூடிய வழி. தேதியையும் பந்தியையும் பிரித்துவிட வேண்டும். ஒரு வயது நிறைகிற நாளில் கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போய்வரட்டும், வீட்டில் அரைக்கிலோ கேக் வெட்டட்டும், ஆயிரத்துக்குள் முடியும். ஊரைக் கூப்பிடுகிற விருந்தை முடியிறக்கம், காதுகுத்தோடு ஒன்றாக்கித் தை மாசிக்குத் தள்ளலாம். அப்போது மொய் நோட்டு தானாக மேஜைக்கு வந்துவிடும், டப்பாக்கள் குறையும். அண்ணன் தம்பி பிள்ளைகள், அக்கா தங்கை பிள்ளைகள் ஒன்றிரண்டு வயது இடைவெளியில் இருந்தால் ஒரே பந்தலில் மூன்று குழந்தைக்கும் செய்யலாம். பேராவூரணிப் பக்கத்தில் மொய் விருந்துக்கு முன்பின் தெரியாதவர்களே கூட்டுச் சேரும்போது பங்காளிகள் சேர முடியாதா என்ன? மண்டபம், சமையல், போட்டோ மூன்றும் ஒரே செலவு. இரண்டாவது ஆண்டிலிருந்து வீட்டுக்குள்ளேயே.

தங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரியாவில் முதல் பிறந்தநாளுக்குக் குழந்தைக்கு 3.75 கிராம் தங்க மோதிரம் தருவது வழக்கம். விலை ஏறியதும் அங்கே கடைகள் ஒரு கிராம் மோதிரம் செய்து விற்கத் தொடங்கின, உறவுக்காரர்களும் சங்கடமில்லாமல் அதற்கு மாறிக்கொண்டார்கள். இங்கே அரை சவரனுக்குக் கீழே இறங்கத் தாய்மாமனுக்குத் துணிவில்லை. இறங்கினால் தங்கையின் மாமியார் வீட்டில் பேச்சு வரும் என்ற பயம்.

இதையெல்லாம் யார் ஆரம்பிப்பது என்பதுதான் சிக்கல். பெற்றோர் ஆரம்பித்தால் கஞ்சத்தனம் என்பார்கள், மாமனார் வீடு சொன்னால் தலையீடு. முதல் குழந்தைக்குத்தான் எல்லாம் பெரிதாக நடக்கிறது, அந்த அளவை இரண்டாவது குழந்தைக்குக் குறைத்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும். ஆகவே அளவை முதலிலேயே, ஃப்ளெக்ஸுக்கு போட்டோ எடுப்பதற்கு முன்னாலேயே, பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சைத் தொடங்க உரிமையும் காரணமும் ஒருசேர உள்ளவர் தாய்மாமன். அவர் மடியில்தான் மொட்டை, அவர் மடியில்தான் காதுகுத்து, நோட்டில் முதல் வரி அவருடையது, நகைக்காக முதலில் அடகுக் கடை ஏறப்போவதும் அவர். ‘ஆவணியில வேண்டாம் மாப்பிள்ளை, நெல்லு வரட்டும், தையில காதுகுத்தோட சேர்த்து வச்சிக்கலாம், ஒரு கிராமு மோதிரம் போடுறேன்’ என்று அவர் சொன்னால் சபையில் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.